சாணிவண்டும் ஊர் வயிறும்

மருதங்குளத்தின் கரையில் மாசாணம் என்றொரு சாணிவண்டு தரகு பார்த்து வந்தது.

காட்டுச் சந்தை அந்தக் கரையில்தான் கூடும். அணில் கொட்டை கொண்டுவரும். நண்டு நத்தை ஓடு கொண்டுவரும். மைனா பழம் கொண்டுவரும். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் மாசாணம் நிற்கும்.

விலையை வெளியே சொல்வது அந்தச் சந்தையில் வழக்கம் இல்லை. பேரம் பேசும் இருவரின் முன்கால்கள் மேல் ஒரு பூவரசு இலையைப் போர்த்துவார்கள். இலைக்கு அடியில் கால் காலை அழுத்தும். ஓர் அழுத்து என்றால் ஒன்று. ஒரு சுரண்டு என்றால் பாதி. மேலே இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். கீழே சண்டை நடக்கும். கடைசியில் வாயைத் திறந்து "சரி" என்று சொன்னால்தான் பேரம் முடிந்ததாகக் கணக்கு. கால் ஆயிரம் பேசினாலும் வாய் "சரி" சொல்லாவிட்டால் சரக்கு கைமாறாது. இது சந்தையின் சட்டம்.

அந்த இலைக்கு அடியில் மாசாணத்தை வென்றவர் யாரும் இல்லை.

பிறந்தபோது அதற்கென்று ஒரு கைப்பிடிச் சாணி கிடையாது. அடுத்தவர் உருண்டையைத் தள்ளிக் கொடுத்துக் கூலிக்கு நின்றது. கூலி கேட்டபோது யாரோ பின்னாலிருந்து மல்லாக்கத் தள்ளிவிட்டார்கள். ஆறு காலும் வானத்தைப் பார்க்க ஒரு பகல் முழுக்கக் கிடந்தது. "சும்மா எடுத்துக்கோ" என்று ஒரு நரி கொடுத்த சாணிக்குள் முள் இருந்தது. அன்றிலிருந்து "சும்மா" என்ற சொல்லைக் கேட்டாலே மாசாணத்துக்குக் கோபம் பொங்கும். கோபம் வந்தால் நெற்றிக் கொம்பு நடுங்கும்.

"சும்மா வர்றதுல முள்ளு இருக்கும்! இந்தக் கால்ல கொடு, அந்தக் கால்ல வாங்கு! அவ்வளவுதான் உலகம்!" என்று சந்தை அதிரக் கத்தும்.

அந்த வருஷம் மழை வரவில்லை. குளம் வற்றிப் பாளம் பாளமாக வெடித்தது. தண்ணீர் குடிக்க வந்த மாட்டு மந்தை மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மாடு இல்லாத இடத்தில் சாணி ஏது? விற்க யாரிடமும் ஒன்றும் இல்லாததால் சந்தையும் கலைந்தது.

குளத்தின் மறுகரையில், ஒரு பாறைக்கு அடியில் மாசாணத்தின் வளை. அங்கே அதன் மனைவி பொன்னுத்தாயி படுத்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரே ஓர் உருண்டை. அதற்குள் அவர்களுடைய முட்டை இருந்தது. அந்த உருண்டையைத் தின்றால் பொன்னுத்தாயி பிழைக்கும். ஆனால் முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு அதுதான் சாப்பாடு. பொன்னுத்தாயி அதைத் தொடவில்லை. உருண்டை வெடித்துவிடாமல் நாள் முழுக்கத் தடவிக்கொடுத்தபடியே இளைத்துப் போனது.

"ஒரு வாய் தின்னு, புள்ள!" என்றது மாசாணம்.

"அது நம்முது இல்லைங்க. குழந்தையுது" என்றது பொன்னுத்தாயி. குரல் அரைகுறையாகத்தான் கேட்டது.

மாசாணம் கத்த வாயைத் திறந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியாமல் வெளியே வந்தது.

வெளியே பட்டுப்போன பூவரசு மரத்தில் நாச்சி மைனா உட்கார்ந்திருந்தது. அந்தக் காட்டில் எறும்புகளை ஆராய வந்த மனிதர்கள் இரண்டு பேர் ஒரு கொட்டகை போட்டிருந்தார்கள். கொட்டகைக் கூரையில்தான் நாச்சிக்குக் கூடு. மனிதர்கள் பேசுவதையெல்லாம் கேட்டுக் கேட்டு அதற்குத் தலைக்கனம் ஏறியிருந்தது.

"மாசாணண்ணா! ஊரே காஞ்சு கெடக்குது. அந்த மருத மரக் கட்டையில இருக்கிற கட்டெறும்புல ஒண்ணுகூடச் சாகலையே, கவனிச்சீங்களா?"

"அதுக்கென்ன இப்ப?"

"அதுக்குக் காரணம் ஒரே ஒரு வார்த்தை! ட்ரோஃபலாக்ஸிஸ்!"

மாசாணத்தின் கொம்பு நடுங்கியது. "யாரைப் பார்த்துத் திட்டறே?"

"அட, திட்டலைங்கண்ணா! படிச்சவங்க வார்த்தை! கொட்டகை அம்மா பூதக்கண்ணாடியை வச்சு எறும்பை உத்துப் பார்க்கறாங்க. பார்த்துட்டு 'ட்ரோஃபலாக்ஸிஸ்! ட்ரோஃபலாக்ஸிஸ்!'னு பக்கத்துல இருக்கிறவரைத் தட்டறாங்க. கண்ணுல தண்ணி நிக்குது! கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு அதுல என்னமோ இருக்குதுங்கண்ணா!"

"பொருள் என்ன?"

நாச்சி தலையைச் சாய்த்துக் கொண்டது. "பொருள் சும்மா வருமாங்கண்ணா?"

தன் பாட்டைத் தன்னிடமே பாடுகிறது! ஆனால் மாசாணத்துக்கு அது பிடித்திருந்தது. விலை சொல்கிறவளோடு பேசலாம். காய்ந்த பூவரசு இலை ஒன்றை இழுத்துப் போர்த்தியது. இலைக்கு அடியில் வண்டின் காலும் மைனாவின் விரலும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டின.

"அந்த வார்த்தையில ரெண்டு துண்டு இருக்குது. முன்துண்டுக்கு ஒரு விலை, பின்துண்டுக்கு ஒரு விலை" என்றது நாச்சி.

மாசாணத்துக்கு ஒரு கறையான் புற்று தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. புற்றின் வடக்குப் பாதி முன்துண்டுக்கு என்று பேசி முடித்தது.

"சரி!" என்றது மாசாணம்.

"சரி!" என்றது நாச்சி. "முன்துண்டு ட்ரோஃபே. கிரேக்கம்னு ஒரு பழைய பாஷை இருக்குதாம். அந்தப் பாஷையில அதுக்குச் சாப்பாடுன்னு அர்த்தம்."

"சாப்பாடு!" மாசாணம் குதித்தது. "அவ்வளவுதானே! உம்பட பின்துண்டை நீயே வச்சுக்கோ! சாப்பாடுன்னு தெரிஞ்ச பொறகு மிச்சம் எதுக்கு?"

பாதி வார்த்தையை வாங்கிக்கொண்டு வறண்ட குளத்தைக் கடந்து ஓடியது.

மருத மரக் கட்டை குளத்தின் அக்கரையில் விழுந்து கிடந்தது. அதன் பொந்துகளில் கட்டெறும்புகள் குடியிருந்தன. மாசாணம் ஒரு விரிசல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தது. சாப்பாட்டைத் தேடியது. தானியம் இல்லை. பழம் இல்லை. செத்த பூச்சியின் கால்கூட இல்லை. களஞ்சியம் என்று ஓர் அறையே இல்லை!

ஆனால் எறும்புகள் இரண்டிரண்டாக நின்றுகொண்டிருந்தன. ஒன்று மற்றொன்றை முன்கொம்பால், அதாவது மீசை போன்ற உணர்கொம்பால், தட்டியது. டக், டக், டக். மற்றது திருப்பித் தட்டியது. பிறகு வாயோடு வாய் வைத்துக் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றன. பிறகு பிரிந்து வேறொருவரைத் தேடிப் போயின. மூலைக்கு மூலை இதே வேலை.

மாசாணம் மூச்சை இழுத்துப் பிடித்தது. அதற்கு இந்தக் காட்சி நன்றாகத் தெரியும். வாழ்நாள் முழுக்க இதைத்தானே செய்தது!

"அடப் பாவிகளா! தட்டித் தட்டிப் பேரம் பேசறாங்க! இலை ஒண்ணுதான் இல்லை! ஊரே தரகு பார்க்குது!"

ஆனால் எதை விற்கிறார்கள்? சரக்கு கண்ணில் படவில்லையே!

வந்த வழியே திரும்பி ஓடியது. நாச்சி அதே கிளையில் உட்கார்ந்திருந்தது. வருவார் என்று தெரிந்தது போல இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

"பின்துண்டைச் சொல்லு!"

"தெக்குப் பாதி."

"அநியாயம்! வடக்குக்கும் தெக்குக்கும் ஒரே விலையா? தெக்குலதான் ஈரம் இருக்குது!"

"அதனாலதான் கேக்கறேன்."

கொம்பு நடுங்க நடுங்க மாசாணம் "சரி" சொன்னது.

"அல்லாக்ஸிஸ். மாத்திக்கிறதுன்னு அர்த்தம்" என்றது நாச்சி.

"பார்த்தியா!" மாசாணம் மண்ணில் காலை உதைத்தது. "நான் கண்ணால பார்த்ததுக்குத்தான் படிச்சவங்க பேர் வச்சிருக்கறாங்க! முன்னால சாப்பாடு, பின்னால மாத்திக்கிறது. ஒட்டினா என்ன? சாப்பாட்டு யாவாரம்!"

"அப்படியுங்களா? எனக்குத் தெரியாது. ரெண்டு துண்டையும் வித்துட்டேன். ஒட்டறது உங்க வேலை" என்று சொல்லிவிட்டு நாச்சி கறையான் புற்றைப் பார்க்கப் பறந்தது.

மாசாணம் வளைக்குள் போய்ப் பொன்னுத்தாயியின் காதோரம் குனிந்தது. "உச்சி வெயிலுக்குள்ள வந்துடறேன். வாயில போட ஏதாவது கொண்டாந்துடறேன்."

"சண்டை போடாதீங்க" என்றது பொன்னுத்தாயி.

மாசாணம் ஒரு நல்ல இலையாகப் பார்த்து எடுத்துக்கொண்டது. எறும்பு வாசலுக்கு வந்தது. வாசலில் ரங்காத்தாள் என்ற கட்டெறும்பு காவல் நின்றது. அந்நியர் வந்தால் கடித்துத் துரத்துவது அதன் வேலை. தாடையை அகல விரித்தது.

மாசாணம் பயப்படவில்லை. சந்தையில் இதைவிடப் பெரிய தாடைகளைப் பார்த்திருக்கிறது. இலையைப் போர்த்தியது. காலை நீட்டி ரங்காத்தாளின் முன்கொம்பை ஒரு தட்டு தட்டியது. 'ஒன்று தருகிறேன்' என்று அர்த்தம். குறைந்த விலையில்தான் ஆரம்பிக்க வேண்டும். பிறகு மெல்ல மெல்ல ஏற வேண்டும். அதுதான் தொழில்.

ரங்காத்தாளின் தாடை மூடியது. பிறகு வாய் மட்டும் திறந்தது. உள்ளேயிருந்து பளபளவென்று ஒரு சொட்டு எழும்பி வந்தது. அது மாசாணத்தின் வாயில் இறங்கியது.

இனிப்பு!

முதல் தட்டிலேயே சரக்கு கைமாறிவிட்டதா? "சரி" என்று யாரும் சொல்லவில்லையே! அப்படியானால் சரக்கில் ஏதோ கோளாறு இருக்கிறது. முள் எங்கே?

விலையைக் குறைத்துப் பார்க்கலாம் என்று ஒரு சுரண்டு சுரண்டியது. பாதி.

ரங்காத்தாள் இன்னொரு முழுச் சொட்டைக் கொடுத்தது.

மாசாணத்துக்குக் கோபம் தலைக்கேறியது. இலையைத் தூக்கி வீசியது. "நிறுத்துங்க அம்மணி! என்னை யாருன்னு நெனைச்சீங்க? பாதிக்குக் கேட்டா முழுசாக் குடுக்கறீங்க! பதிலுக்கு என்ன எடுக்கப் பார்க்கறீங்க? நேராச் சொல்லுங்க!"

ரங்காத்தாள் திகைத்தது. "பதிலுக்குங்களா? தட்டுனீங்க. பசிச்சாத்தானே தட்டுவாங்க? குடுத்தேனுங்க."

"பசின்னு நான் சொல்லவே இல்லை! விலை சொன்னேன், விலை!"

"விலைன்னா என்னங்கண்ணா?"

மாசாணம் வாயைத் திறந்தது. சந்தையில் இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. கடலைக்கு விலை சொல்லத் தெரியும். காற்றுக்கே விலை சொல்லத் தெரியும். விலை என்றால் என்ன என்று சொல்லத் தெரியவில்லை. "விலைங்கிறது... அது வந்து... குடுக்காம இருக்கறதுக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டது.

"உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க" என்றது ரங்காத்தாள்.

மாசாணம் உள்ளே நுழைந்தது. இருட்டுக்குக் கண் பழகியதும் ஒன்று தெரிந்தது. எதிரே வந்த எறும்பின் வயிற்றில், கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே மெல்லிய நீலக் கோடு. அடுத்த எறும்பிலும் நீலக் கோடு. அதற்கடுத்ததிலும்!

"இதென்ன அம்மணி, எல்லார் வயித்துலயும் நீலம்?"

"அதுங்களா? முந்தாநாள் கொட்டகையில இருக்கிற அந்தம்மா இந்தக் கட்டை ஓரத்துல ஒரு மூடி நெறையச் சர்க்கரைத் தண்ணி வச்சாங்க. நீலச் சாயம் கலந்திருந்தாங்க போல. எங்கள்ல ஏழு பேருதான் அங்க போய்க் குடிச்சாங்க."

"ஏழு பேரா?"

"ஏழே பேரு."

மாசாணம் நடந்தது. ஓர் அறையைக் கடந்தது. அங்கே நூறு பேர். நூறு பேர் வயிற்றிலும் நீலம். அடுத்த அறையில் தள்ளாத எறும்புகள் சுவரோரம் நின்றன. அவற்றுக்குள்ளும் நீலம். இன்னும் கீழே கண் திறக்காத புழுக்கள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. அவற்றின் மெல்லிய தோலுக்குள்ளும் நீலம் மினுங்கியது. எல்லாவற்றுக்கும் அடியில், வெளிச்சமே படாத அறையில், ராணி இருந்தது. அந்த அறையை விட்டு மூடியின் பக்கமே போகாத ராணி. அதன் பெரிய வயிற்றிலும் வானத்திலிருந்து ஒரு நூலை உருவி வைத்தது போல நீலம் ஓடியது.

மாசாணம் அப்படியே நின்றுவிட்டது. காட்டில் எத்தனையோ சரக்கு கைமாறுவதைப் பார்த்திருக்கிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் குறையும். தூக்கியவர் எடுப்பார், காவல் நின்றவர் எடுப்பார், தரகர் எடுப்பார். கடைசியில் இருப்பவருக்கு வாசம்தான் மிஞ்சும். இங்கே ஏழு பேர் குடித்தது கடைசிப் புழு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. நடுவில் ஒருவரும் தடுக்கவில்லை. இந்த நீலத்துக்கு யார் சொந்தக்காரர்? தேடிப் பார்த்தாலும் தெரியாது.

"எப்படி அம்மணி?" அதன் குரல் முதல் முறையாகத் தணிந்து வந்தது.

ரங்காத்தாள் தன் வயிற்றைக் காட்டியது. "எங்களுக்கு வயிறு ரெண்டுங்கண்ணா. முன்னால பெரிசா இருக்குதே, இது ஊர் வயிறு. பின்னால சின்னதா ஒண்ணு இருக்குது. அது எம்பட வயிறு. நடுவுல ஒரு கதவு. எது கெடைச்சாலும் முதல்ல ஊர் வயித்துக்குத்தான் போகும். எனக்குப் பசிச்சாக் கதவைத் திறந்து கொஞ்சம் எடுத்துக்குவேன்."

"மிச்சம்?"

"தட்டறவங்களுக்கு."

"எல்லாத்தையும் தட்டி வாங்கிட்டாங்கன்னா? உனக்கு?"

"நான் போய்த் தட்டுவேனுங்க."

அவ்வளவுதான் சொன்னது. அதில் பெருமை இல்லை. மழை பெய்தால் நனையும் என்று சொல்வது போலச் சொன்னது.

மாசாணத்தின் தலைக்குள் இரண்டு துண்டுகள் ஒன்றையொன்று நெருங்கின. சாப்பாடு. மாத்திக்கிறது. கண்ணாடி வைத்துப் பார்த்த அந்த அம்மாவின் கண்ணில் ஏன் தண்ணீர் நின்றது என்று புரிந்தது. தன் கண்ணையும் துடைத்துக்கொண்டது.

அப்போதுதான் பொன்னுத்தாயி ஞாபகம் சுருக்கென்று குத்தியது. "அம்மணி! வீட்டுல எம்பட சம்சாரம் கெடக்குது! சாயங்காலம் வரைக்கும் தாங்காது! அதுக்கு ஒரு சொட்டு!"

ரங்காத்தாள் உடனே கொடுத்தது. மாசாணம் வாங்கியது. மறுநொடி அது தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

"ஐயோ! இன்னொண்ணு!"

அதுவும் இறங்கிவிட்டது. பசித்த தொண்டைக்கு ஒரே வழிதான் தெரியும்.

மாசாணத்தின் கொம்பு நடுங்கியது. இந்த முறை கோபம் அடுத்தவர் மேல் இல்லை. "எனக்கு ஊர் வயிறே இல்லையே! போட்டதெல்லாம் எனக்கே போய்ச் சேருதே! நீங்க வாங்க அம்மணி! நான் வழி காட்டறேன்!"

"வரலாமுங்க. ஆனா எங்க தடம் இந்தக் கட்டையோட முடிஞ்சுது. நாங்க வாசம் பிடிச்சு நடக்கறவங்க. அந்தக் குளத்து மண்ணுல எங்க வாசம் இல்லை. நாலடி போனா எனக்குத் திரும்ப வழி தெரியாது. நடுவுல உழுந்துட்டேன்னா அவங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை" என்றது ரங்காத்தாள். பிறகு கொஞ்சம் யோசித்தது. "நீங்க வாயிலேயே வச்சுக்கிட்டுப் போங்க. முழுங்காதீங்க. வாயைத் திறக்காதீங்க."

"நானா? வாயைத் திறக்காமயா?"

"ஆமாங்கண்ணா. திறந்தா சிந்திடும். இல்லைன்னா உள்ள போயிடும்."

ரங்காத்தாள் பக்கத்தில் போன மூன்று பேரைத் தட்டியது. அவர்கள் யாருக்கு என்று கேட்கவில்லை. நான்கு பேர் கொடுத்தது சேர்ந்து ஒரு பெரிய சொட்டானது. மெல்லிய நீலம் அதில் தெரிந்தது. மாசாணம் அதை வாயில் வாங்கி, தாடையை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

உச்சி வெயில். வெடித்த குளம். அடி வைத்தால் சுட்டது. வாய்க்குள் இனிப்பு ஊறியது. தொண்டை கெஞ்சியது. 'ஒரு மிடறு! ஒரே மிடறு!' மாசாணம் நடந்தது.

நாச்சி மைனா மேலே வட்டமிட்டது. "அண்ணா! வார்த்தை ஒட்டிச்சா?"

பதில் இல்லை.

"என்னுங்கண்ணா, ரெண்டு துண்டும் ஏமாத்தமா? எம்மேல கோவமா? ஒரு வார்த்தை திட்டிட்டாவது போங்க!"

பதில் இல்லை. மாசாணம் ஒரு வெடிப்பைச் சுற்றிக்கொண்டு நடந்தது.

அடுத்த வெடிப்பில் நண்டு சென்னியப்பன் இருந்தது. அதுவும் தரகர்தான். சந்தையில் மாசாணத்திடம் தோற்றுத் தோற்றுப் புழுங்கிய நண்டு. மாசாணம் பேசாமல் போவதைப் பார்த்ததும் கண்ணை நீட்டிக்கொண்டு வெளியே வந்தது.

"வாங்க வாங்க, பெரிய தரகர்! என்ன, நாக்கை வித்துட்டீங்களா? நல்ல விலைக்குப் போச்சா?"

கொம்பு லேசாக நடுங்கியது.

"டேய், உன்னைத்தான்! எறும்புகிட்டப் பிச்சை எடுத்துட்டு வர்றியாமா! அடுத்தவன் சாணியைத் தள்ளிப் பொழைச்சவனுக்குத் தரகு ஒரு கேடா? மல்லாக்கக் கெடந்தியே, மறந்து போச்சா? அன்னைக்குத் தள்ளினதே நான்தாண்டா!"

மாசாணத்தின் கொம்பு காற்றில் இலை போல ஆடியது. இத்தனை வருஷமாக அது யார் என்று தேடிக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில்! தொண்டை வரைக்கும் வசவு வந்து நின்றது. அந்த வசவுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் ஒரு சொட்டு இருந்தது.

ஊர் வயிறு.

மாசாணம் வசவை விழுங்கியது. சொட்டை விழுங்கவில்லை. நடந்தது.

கரை ஏறப் போகும்போது அணில் ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. "மாசாணண்ணா! மேக்கு மேட்டுல எருமை ரெண்டு வந்திருக்குது! பச்சைச் சாணி! இன்னும் ஆவி பறக்குது! எனக்கு மட்டும்தான் இடம் தெரியும். சாணிக்குள்ள கொட்டை கிடைச்சா எனக்குப் பங்கு தாங்க, போதும். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க!"

மாசாணம் நின்றது. கால்கள் தாமாக நின்றன. பச்சைச் சாணி! ஒரு மாசத்துச் சாப்பாடு! ஆனால் மேற்கு மேடு எங்கே இருக்கிறது, பாறை எங்கே இருக்கிறது? போய் வருவதற்குள் பொழுது சாயும். ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் நாளைக்கு எடுக்கலாம். "சரி." ஒரே ஒரு "சரி." அதைச் சொல்ல வாயைத் திறக்க வேண்டும்.

"சொல்லுங்கண்ணா! காயறதுக்குள்ள!"

மாசாணம் காலை ஆட்டிப் பார்த்தது. அணிலுக்குப் புரிந்தது. ஆனால் சட்டம் சட்டம்தான்.

"வாயால சொல்லுங்க!"

"சரி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நண்டு சென்னியப்பன்! "நான் சொல்றேன், சரி! வா தம்பி, இடத்தைக் காட்டு!"

அணிலும் நண்டும் மேற்கே போயின. மாசாணம் அவர்கள் போவதைப் பார்க்கவில்லை. பார்த்தால் வாய் திறந்துவிடும். பாறையைப் பார்த்து நடந்தது.

வளைக்குள் பொன்னுத்தாயி அசையாமல் கிடந்தது. ஒரு கால் மட்டும் உருண்டையின் மேல் இருந்தது. மாசாணம் கூப்பிடவில்லை. கூப்பிட முடியாது. எறும்புகள் செய்தது போல முன்கொம்பை நீட்டி அதன் முன்கொம்பைத் தட்டியது. டக். டக். டக்.

நெடு நேரம் ஒன்றும் இல்லை.

டக். டக்.

பொன்னுத்தாயியின் வாய் இலை நரம்பு அளவுக்குத் திறந்தது. மாசாணம் வாயோடு வாய் வைத்தது. சொட்டில் பாதி வழியிலேயே கசிந்து போயிருந்தது. ஆனால் பாதி இருந்தது. அது இறங்கியது.

மாசாணம் காத்திருந்தது. வாழ்நாளில் இப்படி அது எதற்கும் காத்திருந்ததில்லை. உருண்டையின் மேல் இருந்த கால் மெல்ல அசைந்தது. தடவியது.

"இனிப்பா இருக்குதுங்க" என்றது பொன்னுத்தாயி. பிறகு தரகன் சம்சாரம் அல்லவா, கேட்டுவிட்டது: "என்ன விலைங்க?"

"விலை இல்லை, புள்ள."

"அப்ப... சரக்குல முள்ளு இருக்குமே?"

மாசாணம் சிரித்தது. சிரித்ததா அழுததா என்று அதற்கே தெரியவில்லை. "இல்லை, புள்ள. நானும் தேடிப் பார்த்துட்டேன்."

அன்றைக்கு இன்னும் மூன்று நடை போனது. ஒவ்வொரு முறையும் வாயை மூடிக்கொண்டு, வெயிலில், குளத்தைக் கடந்து வந்தது. இரண்டாம் நடையில் நாச்சி மைனா கூடவே பறந்து நிழல் கொடுத்தது. மூன்றாம் நடையில், மேற்கு மேட்டிலிருந்து திரும்பிய நண்டு வெடிப்பிலிருந்து கண்ணை நீட்டிப் பார்த்தது. ஏதோ சொல்ல வந்தது. மாசாணத்தின் வாயோரம் நீலமாகக் கசிவதைக் கண்டதும் கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டது.

வெயில் தாழ்ந்தபோது நாச்சி பாறை மேல் வந்து உட்கார்ந்தது. "அண்ணா, ரெண்டு துண்டையும் ஒட்டினா என்ன வருது? கொட்டகையில நித்தம் கேக்கறேன், எனக்குப் புடிபடவே இல்லை. சொல்லுங்க. கறையான் புத்துல தெக்குப் பாதியைத் திருப்பித் தந்துடறேன்."

"வேண்டாம் அம்மணி. நீயே வச்சுக்கோ" என்றது மாசாணம். "சும்மாவே சொல்றேன்."

சொன்ன பிறகு அதற்கே ஆச்சரியமாக இருந்தது. கொம்பு நடுங்கவில்லை.

"ஒருத்தர் வயித்துல இருக்கறது இன்னொருத்தர் வயித்துக்குப் போறது. அதான் ட்ரோஃபலாக்ஸிஸ். சாப்பாடுங்கறதும் நெசம், மாத்திக்கிறதுங்கறதும் நெசம். நான்தான் நடுவுல விலையைப் போட்டு ஒட்டிட்டேன். படிச்சவங்க பெரிய வார்த்தையாத்தான் வச்சிருக்கறாங்க, அம்மணி. ஆனா அதைச் செய்யற எறும்பு இருக்குதே, அது வார்த்தையைவிடப் பெரிசு!"

உள்ளே பொன்னுத்தாயி உருண்டையைத் தடவும் சத்தம் கேட்டது. உருண்டைக்குள்ளிருந்து, மிக மெல்ல, யாரோ பதிலுக்குத் தட்டினார்கள். டக். டக்.

தனக்கென்று ஒரு வயிறு எல்லா உயிருக்கும் உண்டு. பசித்தவர் தொட்டதும் விலை கேளாமல் திறப்பதற்கு இன்னொரு வயிற்றையும் வைத்திருப்பவரே உலகத்தில் பெரியவர்.